முயல் சீரம் போட்டு வரவழைத்த இரத்தக் கோளாறு நோய்க் கணக்கில் சேருமா?

ஜூன் 3, மாலை (இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி)

சுண்டெலியின் பிளேட்லெட்டை முயலுக்கு ஊசி போட்டு, அந்த முயலின் சீரத்தை எடுத்து மறுபடி சுண்டெலிக்கே போடுகிறார்கள். சில மணி நேரத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை தரைக்கு வந்துவிடுகிறது. கட்டுரையில் இதற்கு 'ஐடிபி மாதிரி விலங்கு' என்று பெயர். ஐடிபி என்பது உடம்பு தன் பிளேட்லெட்டைத் தானே தாக்கும் நோய். இங்கே தாக்குவது முயல். காலில் கல்லைப் போட்டுவிட்டு எலும்பு தேயும் நோய் என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஜூன் 3, இரவு

கல் கதை பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதில்.

ஐடிபியோ, தன்னுடல் தாக்குதலால் சிவப்பணு சிதையும் சோகையோ, எதை எடுத்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உடம்பு ஏன் தன் அணுவுக்கே ஆன்டிபாடி செய்தது என்பது ஒன்று. செய்த ஆன்டிபாடி அணுவின்மேல் உட்கார்ந்த பிறகு அந்த அணுவுக்கு என்ன ஆகிறது என்பது இன்னொன்று. இப்படி வேறு விலங்கில் தயாரித்த சீரம், அதாவது எதிர்சீரம், முதல் கேள்வியைத் தொடுவதே இல்லை. தொடுவதாக யாராவது எழுதினால் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இரண்டாவது கேள்விக்கு அதைவிட நேரான வழியை நான் பார்த்ததில்லை.

நோயாளி வந்து நிற்கும்போது நோய் எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. அணு அழிவதும், அதை ஈடுகட்ட மஜ்ஜை ஓடுவதும் வாரக்கணக்கில் கலந்து கிடக்கும். சீரம் போட்ட விலங்கில் ஊசி இறங்கிய நிமிடம் தெரியும், அளவு தெரியும், முந்தைய நாள் எண்ணிக்கையும் தெரியும். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. ஸ்டீராய்டு, மண்ணீரல் அகற்றல், சிரைவழி இம்யூனோகுளோபுலின் என்று இந்த நோய்களுக்குக் காலங்காலமாகச் செய்துவரும் சிகிச்சைகள் பெரும்பாலும் கைவைப்பதும் அந்த இரண்டாவது பாதியில்தான்.

நான் இந்த மாதிரி சீரங்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அதனால் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

ஜூன் 4, காலை

இது புதுச் சரக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1898இல் தொடங்கியது. டூரினில் பெல்ஃபான்டியும் கார்போனேயும் குதிரைக்கு முயல் இரத்தத்தை ஊசி போட்டார்கள். அந்தக் குதிரையின் சீரம் முயல்களுக்கு நஞ்சாகிப்போனது. அதே ஆண்டு பாரிஸில் ஜூல் போர்டே, முயலின் உறையாத இரத்தத்தைக் கினிப்பன்றிக்குப் போட்டு, கினிப்பன்றிச் சீரம் முயல் சிவப்பணுவைக் குழாயிலேயே உடைப்பதைக் காட்டினார். 56 டிகிரியில் சூடாக்கினால் உடைக்கும் சக்தி போய்விடும். ஊசி போடாத விலங்கின் புதுச் சீரம் கொஞ்சம் சேர்த்தால் திரும்பி வந்துவிடும். ஆன்டிபாடி ஒன்று, அதோடு சேர்ந்து அணுவை உடைக்கும் சீரப் புரதங்களான காம்ப்ளிமென்ட் இன்னொன்று என்று பிரிந்து தெரிந்தது இப்படித்தான். அவருக்கு 1919ஆம் ஆண்டின் நோபல் பரிசு. இன்றும் சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம். பாதிப் பேருக்கு அது ஏன் என்று தெரியாது, பழக்கத்தில் செய்கிறார்கள்.

ஜூன் 4, மதியம்

"ஃபினைல்ஹைட்ரசின் போட்டாலே இரத்தசோகை வந்துவிடுமே, முயலை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?"

வரும். ஆனால் அது ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்து, சிவப்பணுவுக்குள் ஹெய்ன்ஸ் துகள்களை உண்டாக்கி அழிக்கும் வேதிப்பொருள். ஆன்டிபாடிக்கு அங்கே வேலை இல்லை. ரெட்டிகுலோசைட், அதாவது புதிதாக வந்த இளம் சிவப்பணு, நிறைய வேண்டும், மஜ்ஜை எப்படி ஈடுகட்டுகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆன்டிபாடி என்ன செய்கிறது என்பது கேள்வியானால் அது வேறு ஊருக்குப் போகும் பேருந்து.

ஜூன் 4, இரவு

சிவப்பணுவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1938இல் டேமஷெக்கும் ஷ்வார்ட்ஸும் செய்த வேலையைத்தான் நான் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது வழக்கம்.

அப்போது ஸ்பீரோசைட், அதாவது நடுவில் குழி இல்லாமல் உருண்டையாக இருக்கும் சிவப்பணு, பரம்பரை நோயின் அடையாளம் என்றே பலரும் நம்பினார்கள். மஜ்ஜையே பழுதான அணுவைச் செய்து அனுப்புகிறது என்பது கருத்து. இவர்கள் கினிப்பன்றியின் சிவப்பணுவுக்கு எதிராக முயலில் சீரம் தயாரித்து, கினிப்பன்றிகளுக்கு வெவ்வேறு அளவில் கொடுத்தார்கள். அதிக அளவு கொடுத்தால் மின்னல் வேகத்தில் சிதைவு. குறைத்துக் கொடுத்தால் நாள்கணக்கில் இழுக்கும் சோகை. இரத்தப் பூச்சுக் கண்ணாடியைப் பார்த்தால் ஸ்பீரோசைட்! நேற்றுவரை சரியான அணுவைச் செய்துகொண்டிருந்த அதே மஜ்ஜைதான். அணு வெளியே வந்த பிறகு கெட்டிருக்கிறது.

இங்கே கினிப்பன்றிக்கு வந்தது மனித நோயா? இல்லை. ஆனால் ஸ்பீரோசைட்டைப் பார்த்ததும் 'பரம்பரை' என்று முடிவுகட்ட முடியாது என்பது மனித நோயைப் பற்றிய செய்தி. கல் கதைக்கு என் பதில் இதுதான். எலும்பு தேயும் நோயில் மட்டுமே வரும் என்று நினைத்த விரிசல் கல் போட்ட காலிலும் வந்தால், அந்த விரிசலைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டோம் அல்லவா.

ஜூன் 6

இரண்டு பேர் தயாரிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இங்கே நீளமாக எழுதுவேன், அவசரம் உள்ளவர்கள் தாண்டிப் போகலாம்.

புட்டியில் 'பிளேட்லெட் எதிர்சீரம்' என்று ஒட்டியிருந்தால் உள்ளே பிளேட்லெட்டுக்கு எதிரானது மட்டும்தான் இருக்கிறது என்று நம்புகிறவர்கள்தான் இந்தத் துறையில் அதிகத் தாள்களை வீணடித்திருப்பார்கள். முயலுக்கு நீங்கள் கொடுத்தது பிளேட்லெட் என்பது உங்கள் எண்ணம். முயலின் பார்வையில் அது சுண்டெலியின் பல பொருட்கள் சேர்ந்த கலவை. கழுவிக் கழுவி எடுத்தாலும் கொஞ்சம் சிவப்பணு, கொஞ்சம் வெள்ளையணு, மேலே ஒட்டிய பிளாஸ்மா புரதம் எல்லாம் இருக்கும். முயல் அத்தனைக்கும் ஆன்டிபாடி செய்யும். பிளேட்லெட்டும் சிவப்பணுவும் பொதுவாக வைத்திருக்கும் மூலக்கூறுகளுக்கும் செய்யும்.

ஆகவே உறிஞ்சல். சீரத்தைக் கழுவிய சுண்டெலிச் சிவப்பணுவோடு கலந்து வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் படிந்த அணுவை எறிந்துவிட்டு, மேலே தெளிந்த சீரத்தை எடுத்து, மறுபடி புது அணுவோடு. சிவப்பணு ஒட்டிக்கொள்வது நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு வெள்ளையணுவோடும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நமக்கு வேண்டிய ஆன்டிபாடியும் கொஞ்சம் போகும். சீரம் நீர்த்துக்கொண்டே வரும். எங்கே நிறுத்துவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கை பழகிய டெக்னீஷியன் ஒருவர் எங்கள் ஆய்வகத்தில் இருந்தார். குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே "இன்னும் ஒரு தடவை" என்பார். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். எரிச்சலாக வரும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஊசியே போடாத முயலிடம் இருக்கிறது. சாதாரண முயல் சீரத்திலேயே சுண்டெலி அணுக்களை ஓரளவு ஒட்டும் இயற்கை ஆன்டிபாடிகள் உண்டு. இதோடு 1911இல் ஃபோர்ஸ்மன் கண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கினிப்பன்றியின் சிறுநீரகத் திசுவை முயலுக்குப் போட்டால், முயல் சீரம் ஆட்டுச் சிவப்பணுவை உடைக்கிறது. கொடுத்தது ஒன்று, உடைவது வேறு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விலங்குகள் ஒரே மாதிரியான சர்க்கரைக் கொழுப்பை அணுவின்மேல் வைத்திருப்பதால் வரும் வினை.

அதனால்தான் கட்டுப்பாட்டுக்கு உப்புநீர் போதாது. அதே முயலிடம் முதல் ஊசிக்கு முன்பே எடுத்துவைத்த சீரம், அதையும் அதேபோல் சூடாக்கி, அதேபோல் உறிஞ்சி, அதே அளவில் இன்னொரு குழுவுக்குக் கொடுக்க வேண்டும். உப்புநீர்க் குழுவை மட்டும் வைத்துக்கொண்டு வரும் வரைபடத்தை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

ஜூன் 7

"ஏன் முயல்?" அடக்கமான விலங்கு, காதுச் சிரை தடிமனானது, சுண்டெலியிடமிருந்து இனத்தால் போதிய தூரம். லிட்டர் கணக்கில் வேண்டுமானால் ஆடு, இன்னும் வேண்டுமானால் குதிரை. சுண்டெலிக்குச் சுண்டெலியிலேயே செய்தால் என்ன என்றால், தன்னுடையதைப் போலவே இருப்பதற்கு எதிராக உடம்பு லேசில் ஆன்டிபாடி செய்யாது. அதைச் செய்ய வைக்க முடிந்தால் நாம் முதல் கேள்விக்குப் போய்விடுவோம், இந்த இழையே தேவைப்படாது.

ஜூன் 9

3ஆம் தேதி 'இரண்டாவது பாதி' என்று ஒரே துண்டாகச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதற்குள்ளேயே இரண்டு அறைகள் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவது ஒன்று, இரத்தம் கசிவது வேறு.

முதல் முறை பிளேட்லெட் எதிர்சீரம் போட்ட சுண்டெலியைப் பார்க்கிற எல்லோரும் ஏமாந்துபோவார்கள். சுண்டெலிக்குச் சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டரில் 10 லட்சம் அளவுக்குப் பிளேட்லெட் இருக்கும், மனிதருக்கு இருப்பதைப்போலப் பல மடங்கு. அது கிட்டத்தட்ட ஒன்றும் இல்லாத நிலைக்கு வந்தபிறகும் சுண்டெலி சாதாரணமாகத் தீனி தின்றுகொண்டிருக்கும். எங்கேயும் சிவப்புப் புள்ளி இல்லை. "சீரம் வேலை செய்யவில்லை போல" என்று புது மாணவர்கள் வந்து சொல்வார்கள். எண்ணிப் பார், வேலை செய்திருக்கிறது என்போம்.

இந்த முரண் பழையது. 1914இல் லெடிங்ஹாம் கினிப்பன்றிக்குப் பிளேட்லெட் எதிர்சீரம் போட்டுத் தோலடி இரத்தப் புள்ளிகளை, அதாவது பர்ப்யூராவை, வரவழைத்தார். பிளேட்லெட் போனது, ஆகவே கசிந்தது என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். 1920களில் பெட்சன் அதை விடவில்லை. பிளேட்லெட்டை வேறு வழிகளில் குறைத்துப் பார்த்தார். எண்ணிக்கை விழுந்தது, பர்ப்யூரா வரவில்லை. பிளேட்லெட் குறைய வேண்டும், கூடவே நுண்குழாய்ச் சுவரும் அடிபட வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் புள்ளி என்று வாதிட்டார். பிளேட்லெட் எதிர்சீரம் ஒரே ஊசியில் இரண்டையும் செய்துவிடுகிறது என்பது அவர் கணக்கு.

அந்தக் கருத்து நெடுங்காலம் ஓரமாகக் கிடந்தது. 2008இல் கெயோர்கே குழு சுண்டெலியில் பிளேட்லெட்டை அகற்றிவிட்டு, தோலிலோ நுரையீரலிலோ அழற்சியை உண்டாக்கியது. அழற்சி உள்ள இடத்தில் மட்டும் கசிவு. மற்ற இடம் சுத்தம். பிளேட்லெட் 10,000க்குக் கீழே உள்ள இரண்டு நோயாளிகளில் ஒருவர் வீட்டில் நடமாடுவதும் இன்னொருவர் கசிவோடு வருவதும் ஏன் என்பதற்கு இது முழு விடை இல்லைதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படுவது போதாது என்பதை மருத்துவர்கள் அனுபவத்தில் சொல்லிவந்ததற்கு ஒரு ஆதாரம் கிடைத்தது.

ஜூன் 10

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் தன் சுண்டெலிகளுக்குச் சீரம் போட்ட நாலாம் நாள் ஹீமோகுளோபினும் இறங்கியது, ஆகவே தன் பிளேட்லெட் சீரத்தில் சிவப்பணு ஆன்டிபாடி மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். இருக்கலாம். அதற்கு முன் ஒன்று. 25 கிராம் சுண்டெலியின் உடம்பில் மொத்த இரத்தமே 2 மில்லிக்குள். தினமும் வாலைக் கீறி எண்ணிக்கை பார்த்தால் நீங்களே சோகையை வரவழைத்துவிடுவீர்கள். கட்டுப்பாட்டுக் குழுவிலும் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கிறதா பாருங்கள். அங்கேயும் இறங்கியிருந்தால் சீரத்தின்மேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்று, வாலிலிருந்து மெதுவாக ஒழுக விட்டு எடுத்த இரத்தத்தில் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணும் கருவிக்கு ஒட்டிய கொத்து கண்ணில் படாது. குறைவாகக் காட்டும். சீரமே போடாத சுண்டெலிக்கு 'ஐடிபி' வருவது இப்படித்தான். சந்தேகம் வந்தால் ஒரு பூச்சு எடுத்துக் கண்ணால் பாருங்கள். கருவியைவிட அது மெதுவானது, ஆனால் பொய் சொல்வது குறைவு.

ஜூன் 12

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன்.

எதிர்சீரத்தை அதிகம் கொடுத்தால் அணு அழியும், மிகக் கொஞ்சமாகக் கொடுத்தால் அதே அணு பெருகும் என்று நோயெதிர்ப்பியலின் முன்னோடி மெச்னிகோவ் காலத்திலேயே ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் கடைசிவரை கொண்டுபோனவர் கீவில் இருந்த அலெக்சாந்தர் போகோமொலெட்ஸ். மண்ணீரலையும் எலும்பு மஜ்ஜையையும் விலங்குக்கு ஊசி போட்டு எடுத்த சீரத்தைத் துளித்துளியாகக் கொடுத்தால் இணைப்புத் திசு புத்துணர்வு பெறும், காயம் ஆறும், ஆயுளும் நீளும் என்றார். மனிதன் 150 வயது வாழலாம் என்பது அவர் கருத்து. இரண்டாம் உலகப் போரில் சோவியத் மருத்துவமனைகளில் அந்தச் சீரம் புழங்கியது. 1881இல் பிறந்த அவர் 1946இல் காலமானார். ஸ்டாலின் அதைக் கேட்டு "நம்மையெல்லாம் ஏமாற்றிவிட்டார்" என்றாராம். கதைதான், ஆனால் யாரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆயுள் விஷயம் போகட்டும். 'கொஞ்சம் கொடுத்தால் பெருகும்' என்பதில் ஒரு உண்மை ஒளிந்திருந்தது. பிளேட்லெட் எதிர்சீரம் போட்ட சுண்டெலியில் எண்ணிக்கை விழுகிறது, சில நாளில் எழுகிறது, பிறகு பழைய அளவைத் தாண்டிப் போய்விட்டுத்தான் இறங்குகிறது. மஜ்ஜையைப் பார்த்தால் பிளேட்லெட்டைச் செய்யும் மெகாகேரியோசைட்கள் பெருத்திருக்கும், அவற்றின் டிஎன்ஏ மடங்கும் கூடியிருக்கும். சீரம் தூண்டிவிடவில்லை, இழப்புத்தான் தூண்டியது. சிவப்பணுவுக்கு எரித்ரோபொயட்டின் இருப்பதுபோல் பிளேட்லெட்டுக்கும் ஒரு இயக்குநீர் இருந்தாக வேண்டும் என்று பலர் பல பத்தாண்டுகள் விடாமல் தேடியதற்கு இந்தத் தாண்டல் ஒரு முக்கியக் காரணம். த்ரோம்போபொயட்டின் 1994இல் பல குழுக்களின் கையில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சிக்கியது. ஐடிபிக்கு இன்று கொடுக்கும் சில மருந்துகள் அந்த இயக்குநீரின் ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகின்றன.

அதனால் நடைமுறையில் ஒரு எச்சரிக்கை. ஒரே ஊசி போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து அளந்தால் நீங்கள் பார்ப்பது நோயை அல்ல, அதன் எதிரொலியை. எண்ணிக்கையைக் கீழேயே பிடித்துவைக்க வேண்டுமானால் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. ஒரு வாரம், பத்து நாளில் சுண்டெலி முயல் புரதத்துக்கு எதிராகத் தானே ஆன்டிபாடி செய்யத் தொடங்கும். அப்புறம் சீரம் பலிக்காது. பலிக்காததோடு நில்லாமல், முயல் புரதமும் சுண்டெலி ஆன்டிபாடியும் கைகோத்துச் சிறுநீரகத்தில் போய்ப் படிந்து வேறு நோயைக் கிளப்பும். அப்போது எதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜூன் 13, காலை

"எல்லாம் மண்ணீரல்தான், அதை எடுத்தால் தீர்ந்தது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். தீராது. 1972இல் ஷ்ரைபரும் ஃப்ராங்கும் கினிப்பன்றிச் சிவப்பணுவுக்கு எதிரான முயல் ஆன்டிபாடியை ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு வகைகளாகப் பிரித்தெடுத்து, அணுவின்மேல் தனித்தனியாகப் பூசி, கதிரியக்கக் குறியிட்டு உள்ளே விட்டார்கள். ஐஜிஜி பூசிய அணு மெல்ல மெல்ல மண்ணீரலில் சிக்கியது. ஐஜிஎம் பூசிய அணு சட்டென்று கல்லீரலில் போய் நின்றது. நின்றதில் ஒரு பகுதி சில மணி நேரம் கழித்து அங்கிருந்து விடுபட்டுச் சுற்றோட்டத்துக்கே திரும்பிவிட்டது!

காம்ப்ளிமென்டின் நாலாம் கூறு, சி4, பிறவியிலேயே இல்லாத கினிப்பன்றிகளில் இதையே செய்தபோது ஐஜிஎம் பூசிய அணுவுக்கு ஒன்றுமே ஆகவில்லை, சாதாரண அணுவைப்போல் சுற்றிக்கொண்டிருந்தது. ஐஜிஜி பூசியது மெதுவாக என்றாலும் அழிந்தது. அணுக்களை விழுங்கும் மேக்ரோபேஜில் ஐஜிஜியைப் பிடிக்கும் கை தனியாக இருக்கிறது, ஐஜிஎம்முக்கு இல்லை.

குளிரில் அணுவோடு ஒட்டும் குளிர் ஆன்டிபாடியால் வரும் சோகை பெரும்பாலும் ஐஜிஎம் விவகாரம். அந்த நோயாளிகளுக்கு மண்ணீரலை எடுத்துப் பெரிதாகப் பலன் இல்லை என்பதும், உடல் வெப்பத்தில் ஒட்டும் வெப்ப ஆன்டிபாடி நோயாளிகளில் பலருக்குப் பலன் உண்டு என்பதும் இதோடு பொருந்திப்போகின்றன.

ஜூன் 13, மாலை

சி4 இல்லாத கினிப்பன்றிகள் இயற்கையாகவே அப்படிப் பிறந்தவையா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், தாமாக அப்படிப் பிறந்தவை. யாரும் மரபணுவை வெட்டவில்லை. 1970ஐ ஒட்டிக் கண்டுபிடிக்கப்பட்டவை, வெட்டும் தொழில்நுட்பம் எல்லாம் பிறகு வந்தது.

ஜூன் 15

"இப்போது எல்லாம் மோனோகுளோனல், யார் முயலைத் தொடுகிறார்கள்?" நியாயமான கேள்வி. மோனோகுளோனல் என்பது ஒரே அணுவின் வழித்தோன்றல்கள் செய்யும், ஒரே இலக்கைப் பிடிக்கும் ஒரே மாதிரி ஆன்டிபாடி. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் வழி காட்டிய பிறகு மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டோம். நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். உறிஞ்சல் தொல்லை இல்லை, இந்த முயல் நல்ல முயல் அந்த முயல் மோசம் என்ற பேச்சு இல்லை, அடுத்த ஆண்டு வாங்கினாலும் அதே சரக்கு.

நல்ல பயனும் கிடைத்தது. சுண்டெலிப் பிளேட்லெட்டின்மேல் இருக்கும் புரதங்களில் சிடி41ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியும், ஜிபி1பி ஆல்ஃபாவைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் எண்ணிக்கையை ஒரேபோல் இறக்குகின்றன. ஆனால் வழி வேறு. 2000இல் நீஸ்வாண்ட் குழு காட்டியது இது: ஜிபி1பி ஆல்ஃபா ஆன்டிபாடியின் எஃப்சி வாலை வெட்டிவிட்டுக் கொடுத்தாலும் பிளேட்லெட் போகிறது. மேக்ரோபேஜ் பிடிப்பதற்கு வாலே இல்லையே, பிறகு எப்படி? அழிவு என்றால் மேக்ரோபேஜ் எஃப்சி வாலைப் பிடித்து விழுங்குவது என்ற ஒரே சித்திரம் அங்கே உடைந்தது. சிடி41 வகைச் சுண்டெலிக்கு இம்யூனோகுளோபுலின் நன்றாகக் கேட்கிறது, மற்றதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை என்று பின்னர் வந்த வேலைகள் சொல்லின. கலவையான முயல் சீரத்தை வைத்துக்கொண்டு இதைப் பிரித்திருக்கவே முடியாது.

ஆனாலும் எனக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. நோயாளியின் உடம்பில் இருப்பது ஒரே ஆன்டிபாடி அல்ல, கலவை. ஒரே இலக்கை, ஒரே வகையால், ஒரே பிடிப்போடு தாக்கும் மோனோகுளோனல் சுத்தமானதுதான், ஆனால் நோய் அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. முயல் சீரத்தின் அழுக்கு ஒருவகையில் நோய்க்குப் பக்கத்தில் இருந்தது. எதை வைத்து வேலை செய்வது என்பது கேள்வியைப் பொறுத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

மோனோகுளோனலுக்குச் சொந்தமான வில்லங்கங்களும் உண்டு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவை அகற்ற ஆர்பி6-8சி5 என்ற மோனோகுளோனலைப் போடுவார்கள். அது நியூட்ரோஃபில்மேல் இருக்கும் லை6ஜி புரதத்தோடு லை6சியையும் தொடுவதால் மோனோசைட் என்ற வேறு வெள்ளையணுவிலும் ஒரு பகுதி போய்விடும். 1ஏ8 லை6ஜியை மட்டும் பிடிக்கும். சரி, 1ஏ8 போட்டாயிற்று, நியூட்ரோஃபில் போய்விட்டதா என்று பார்க்க அதே 1ஏ8ஐ நிறமேற்றி, நிறம் ஒட்டிய அணுவை எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் தேடுவார்கள். கிடைக்காது. எப்படிக் கிடைக்கும்? நீங்கள் உள்ளே கொடுத்த ஆன்டிபாடி ஏற்கெனவே எல்லா இடத்தையும் மூடி உட்கார்ந்திருக்கிறது. அணு சுகமாக உயிரோடு இருக்கும், கருவி '0' என்று காட்டும், மாணவர் கொண்டாடுவார்.

ஜூன் 16

இதை விட்டுவிட்டேன். மனிதப் பிளேட்லெட்டின்மேல் ஆன்டிபாடியின் எஃப்சி வாலைப் பிடிக்கும் ஏற்பி (எஃப்சி காமா 2ஏ) இருக்கிறது. சுண்டெலிப் பிளேட்லெட்டில் எஃப்சி காமா ஏற்பி எதுவும் கிடையாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தால் பிளேட்லெட் குறைந்து இரத்தக்கட்டி வரும் கோளாறு அந்த ஏற்பி வழியாகவே நடப்பதால், சாதாரணச் சுண்டெலிக்கு எந்த ஆன்டிபாடியைக் கொடுத்தாலும் அந்த நோய் முழுதாக வராது. மனித ஏற்பியைச் சேர்த்து உருவாக்கிய சுண்டெலியில்தான் வந்தது.

ஜூன் 18

முதல் கேள்வியை யாருமே தொடவில்லையா என்று இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்து கேட்டிருக்கிறார்.

எர்லிக்கும் மார்கன்ராத்தும் 1900ஐ ஒட்டி வெள்ளாடுகளுக்கு வேறு வெள்ளாடுகளின் இரத்தத்தைப் போட்டார்கள். ஊசி போட்ட ஆடு மற்ற ஆடுகளின் சிவப்பணுவை உடைக்கும் ஆன்டிபாடியைச் செய்தது, தன் சிவப்பணுவை ஒருபோதும் தொடவில்லை. உடம்பு தனக்கு நஞ்சாவதற்கு அஞ்சுகிறது என்று எர்லிக் எழுதினார். அது சட்டம்போல் ஆகிவிட்டது. 1904இலேயே டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும் குளிரில் தன் சிவப்பணுவையே உடைக்கும் ஆன்டிபாடியை மனிதரில் காட்டியும், அந்தச் சட்டத்தின் பிடி பல பத்தாண்டுகள் தளரவில்லை.

சுண்டெலியில் வழி திறந்தது 1959இல், நியூசிலாந்தின் டனீடினில். என்இசட்பி என்ற கறுப்புச் சுண்டெலி இனம் வயதாக ஆக, யாரும் எதுவும் போடாமலேயே, தன் சிவப்பணுவுக்கு ஆன்டிபாடி செய்து சோகையில் விழுகிறது. சிவப்பணுவின்மேல் ஒட்டிய ஆன்டிபாடியைக் காட்டும் கூம்ப்ஸ் சோதனை அதன் சொந்த இரத்தத்தில் நேர்மறை. உங்கள் புகார் அத்தனைக்கும் அதுதான் பதில். விலை: மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எந்தச் சுண்டெலிக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஊசி இறங்கிய நிமிடம் தெரியும் என்று நான் சொன்ன வசதி அங்கே இல்லை. அந்த இனத்திலிருந்து எடுத்த 34-3சி போன்ற மோனோகுளோனலை ஆரோக்கியமான சுண்டெலிக்குப் போட்டு இரண்டாவது பாதியைப் படிக்கிறவர்களும் உண்டு. முயல் இல்லை, சுண்டெலிக்குச் சுண்டெலி ஆன்டிபாடி. கல் கதை அங்கே செல்லாது.

நோயாளியின் சீரத்தையே சுண்டெலிக்குப் போடலாமே என்றால், மனித நோயாளியின் ஆன்டிபாடி பெரும்பாலும் சுண்டெலிப் பிளேட்லெட்டை அடையாளம் காணாது. வில்லியம் ஹாரிங்டன் அதனால்தானோ என்னவோ தன்னையே விலங்காக்கிக்கொண்டார். ஐடிபி நோயாளியின் இரத்தம் 500 மில்லியைத் தனக்கு ஏற்றிக்கொண்டார், சில மணி நேரத்தில் பிளேட்லெட் 10,000க்குக் கீழே, வலிப்பு. பிழைத்தார். 1951இல் கட்டுரை வந்தது. எந்த நெறிக்குழுவும் இன்று அதற்குக் கையெழுத்துப் போடாது. ஆனால் ஐடிபி நோயாளியின் பிளாஸ்மாவில் பிளேட்லெட்டை அழிக்கும் ஏதோ இருக்கிறது என்பதை அதற்குமேல் யாராலும் மறுக்க முடியவில்லை. கவனியுங்கள், அவர் செய்ததும் இதே சீரச் சோதனைதான். ஹாரிங்டனின் உடம்பு தனக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. வெளியிலிருந்துதான் ஊற்றினார். 'இது ஐடிபி இல்லை' என்று அவரிடம் யாராவது சொன்னார்களா?

ஜூன் 21

எரித்ரோபொயட்டின் பற்றிப் போகிற போக்கில் சொன்னதை ஒருவர் பிடித்துக்கொண்டார். நல்லது, எனக்குப் பிடித்த சீரம் அதுதான். அணுவுக்கு எதிரான சீரமே அல்ல அது.

1960களின் தொடக்கத்தில் ஸ்கூலியும் கார்சியாவும் மனிதச் சிறுநீரிலிருந்து எடுத்த எரித்ரோபொயட்டினை முயலுக்குப் போட்டுச் சீரம் எடுத்தார்கள். அதைச் சாதாரணச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது புதுச் சிவப்பணு உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுபோனது. அதுவரை, இரத்தம் இழந்த அவசரத்தில் மட்டும் அந்த இயக்குநீர் தேவை, அன்றாட உற்பத்திக்கு வேண்டியதில்லை என்று சொல்ல இடம் இருந்தது. சீரம் அந்த இடத்தை அடைத்தது. எரித்ரோபொயட்டின் சுத்தமாகக் கையில் கிடைத்தது 1977இல்தான். பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதை உடம்பிலிருந்து நீக்கினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டார்கள்.

1998க்குப் பிறகு அதுவே மனிதரில் நடந்தது, யாரும் வேண்டிச் செய்யவில்லை. சிறுநீரகம் பழுதாகி எரித்ரோபொயட்டின் ஊசி போட்டுவந்த சிலருக்கு ஹீமோகுளோபின் திடீரென்று சரிந்தது, மருந்தைக் கூட்டியும் ஏறவில்லை. மஜ்ஜையில் சிவப்பணு மரபு மட்டும் காலி, மற்றவை எல்லாம் சாதாரணம். அவர்கள் உடம்பு மருந்துக்கு எதிராகச் செய்த ஆன்டிபாடி, உடம்பின் சொந்த எரித்ரோபொயட்டினையும் முடக்கியிருந்தது. 2002இல் கசடெவால் குழு 13 பேரைப் பற்றி எழுதியது. அந்தக் கட்டுரையைப் படித்தபோது ஸ்கூலியின் சுண்டெலிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஜூன் 22

முன்சீரம், அதாவது முதல் ஊசிக்கு முந்தைய சீரம், எடுக்காமல் முயலுக்கு ஊசி போட்டாயிற்று, இப்போது என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அந்த முயலிடம் இனி அது கிடையாது. ஊசி போடாத, அதே இனத்து முயல்கள் சிலவற்றின் சீரத்தைத் தனித்தனியாக எடுத்து (கலந்துவிடாதீர்கள்), ஒவ்வொன்றையும் உங்கள் எதிர்சீரத்தைப்போலவே சூடாக்கி, உறிஞ்சி, முதலில் குழாயில் சுண்டெலி அணுவோடு பாருங்கள். ஒட்டாததைக் கட்டுப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், ஒட்டுவதும் ஒட்டாததும் இரண்டுமே குழுக்களாக இருக்கட்டும். வேறு முயலின் சீரம் என்று செய்முறைப் பகுதியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அடுத்த முயலுக்கு ஊசி போடும் முன் காதுச் சிரையிலிருந்து சீரம் எடுத்து, தேதி எழுதி, உறைபெட்டியில் வையுங்கள்.